ஹாரன் அடித்தால் நம்ம கோல்

என் வீட்டுக்காரரை இந்த ஊரில் முப்பத்தெட்டு வருஷமாக அக்கரை ஹனுஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள். குடாவுக்கு அந்தப் பக்கம் ஹாமர்நெஸ், இந்தப் பக்கம் எங்கள் ஸ்கார்விக். காலை வெளிச்சம் நன்றாக இருந்தால் அங்கே யார் வீட்டுக் கொடியில் என்ன துணி காய்கிறது என்று இங்கிருந்தே சொல்லிவிடலாம். அவ்வளவுதான் தூரம். கல்யாணம் ஆன வாரம் ஒரு மரப்பெட்டியும் தன் துடுப்புப் படகுமாக இக்கரை வந்து இறங்கியவர், அதற்குப் பிறகு அங்கே ஒரு ராத்திரி தங்கியது கிடையாது. ஆனாலும் அக்கரை ஹனுஸ். எங்களுக்குக் குழந்தை இல்லை. இருந்திருந்தால் அதையும் அக்கரைக் குட்டி என்றிருப்பார்கள், எனக்குத் தெரியாதா இந்த ஊரை.

நான் ரன்வா. மைதானத்து ஓரக் குடிசையில் காபியும் வாஃபிளும் விற்பவள். பாலாடையும் ருபார்ப் ஜாமும் வைத்துத் தருவேன். இருபத்தொன்பது வருஷமாக எங்கள் கால்பந்து சங்கத்தின் எல்லா உள்ளூர் ஆட்டமும் அந்த ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். அதே இருபத்தொன்பது வருஷமாக ஹனுஸ் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை, ஒரு ஆட்டத்தையும் தவறவிட்டதுமில்லை. எப்படி என்று சொல்கிறேன்.

எங்கள் மைதானம் கடலை ஒட்டியது. ஃபேரோ தீவுகளில் சமதரை வேறு எங்கே கிடைக்கும்? தெற்குக் கோலுக்குப் பின்னால் அலையைத் தடுக்க இரண்டாள் உயரத்துக்குக் கற்சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் நேரே தண்ணீர். வலை கட்டிப் பார்த்தோம், இரண்டு குளிர்காலம்கூடத் தாங்கவில்லை, காற்று பிய்த்துக்கொண்டு போய்விட்டது. ஆக, பந்து சுவரைத் தாண்டினால் கடலில்தான். அதை எடுத்து வர ஒரு படகு வேண்டும், படகில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் ஹனுஸ். ஆட்டம் தொடங்குமுன் படகில் ஏறுவார், முடிந்தபின் இறங்குவார். சுவர் மறைப்பதால் அவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. எல்லாம் காதுதான்.

காதுக்கு ஒரு கணக்கு இருந்தது. எங்கள் ஊரில் மழையில் நின்று ஆட்டம் பார்ப்பவனைக் கிறுக்கன் என்போம். மேட்டில் காரை வரிசையாக நிறுத்தி, கண்ணாடி துடைப்பானை ஓடவிட்டு, உள்ளே சூடாக உட்கார்ந்துதான் பார்ப்பது. கோல் விழுந்தால் கைதட்டலுக்குப் பதில் ஹாரன். முப்பது காரும் சேர்ந்து அடித்தால் மலையில் மேயும் ஆடெல்லாம் ஓடும். வெளியூர்க்காரர்கள் வந்தாலும் ஒரு வேன், இரண்டு கார், அவ்வளவுதான். அவர்கள் கோல் போட்டால் ஒரு சின்ன முனகல் கேட்கும், பிறகு ஊரே வாயை மூடிக்கொண்டிருக்கும். ஆக, ஹாரன் அடித்தால் நம்ம கோல், முனகலுக்குப் பின் சத்தமே இல்லையென்றால் அவர்கள் கோல். ஹனுஸ் படகில் உட்கார்ந்தபடியே ஸ்கோரை விரல் விட்டுச் சொல்வார், ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

தப்பாத இன்னொன்றும் உண்டு. நாங்கள் பின்தங்கியிருந்தால் இந்த மனிதர் பந்தைத் தேடிப் பறப்பார். நாங்கள் முன்னால் இருந்தால், அடடா, அப்போது பார்க்க வேண்டும் இவர் துடுப்புப் போடும் அழகை. நாலு இழுப்பு இழுத்து ஒரு ஓய்வு. கையுறையைக் கழற்றி மூக்கைத் துடைத்துக்கொள்வார். போன வருஷ ஜூனில் தலைநகரத்திலிருந்து பெரிய அணி வந்தபோது நாங்கள் ஒரு கோல் முன்னால், ஐந்து நிமிஷம் பாக்கி, இருந்த பந்தெல்லாம் கடலில். இரண்டு முழ தூரத்தில் மிதந்த பந்தை எடுக்க இவருக்கு நாலு நிமிஷம் ஆனது. சுவர்மேல் ஏறிக் கத்திய நடுவரிடம், துடுப்பைப் பூட்டும் வளையம் கழன்றுவிட்டது என்று சைகை காட்டினாராம். அந்தச் சாயங்காலம் ஊரே இவர் முதுகில் தட்டியது. ஆனால் தட்டும்போதும் சொன்னது என்ன தெரியுமா? அக்கரைக்காரனா இருந்தாலும் கெட்டிக்காரன். எனக்கு வந்ததே கோபம். அவர் சிரித்துக்கொண்டே நின்றார். மனசில் பட்டதென்று எனக்குத் தெரியும், அந்த மாதிரி நேரத்தில்தான் அவர் காது மடல் சிவக்கும்.

இந்த வருஷ லீக் எங்களுக்குச் சாதாரண லீக் இல்லை. பத்து அணி, ஆளுக்கு இருபத்தேழு ஆட்டம், மார்ச்சில் தொடங்கி அக்டோபரில் முடியும். நாட்டின் முதல் பிரிவு என்று பேர்தான் பெரிசு. எங்கள் கோல்கீப்பர் வங்கியில் வேலை பார்க்கிறான், தடுப்பாட்டக்காரர்களில் இரண்டு பேர் மீன் கப்பலில் போய்விட்டால் மூன்று வாரம் திரும்ப மாட்டார்கள், முன்னால் ஆடும் ரோய் சால்மன் பண்ணையில் மீனுக்குத் தீனி போடுகிறவன். அதனால் கடைசி இடத்துக்கு நாங்களும் ஹாமர்நெஸ்காரர்களும் மாறி மாறிப் போட்டி போடுவது வழக்கம். இந்தத் தடவை, நகராட்சி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. இரண்டு மைதானத்துச் செயற்கைப் புல்லும் தேய்ந்துவிட்டது, ஒன்றுக்குத்தான் புதுப்புல் போடுவோம், இரண்டு சங்கமும் ஒன்றாகிக்கொள்ளுங்கள் என்றார்கள். இரண்டு ஊர்ப் பெரியவர்களும் பிப்ரவரியில் உட்கார்ந்து பேசிக் கை குலுக்கினார்கள்: லீக் முடியும்போது பட்டியலில் யார் மேலே இருக்கிறார்களோ அவர்கள் பேரும் சட்டையும் மைதானமும் இருக்கும். மற்றவர்கள் அதில் போய்ச் சேர வேண்டியது.

எங்களுக்காகக் கை குலுக்கியவர் யாக்குப், சங்கத் தலைவர். இருபத்தாறு வருஷம் குடாவைக் கடக்கும் பயணிகள் படகின் கேப்டனாக இருந்தவர். அன்றைக்கு வீட்டுக்கு வந்து என் கணவரைப் பார்த்து, "நீ இந்தத் தடவை எந்தப் பக்கம்னு யோசிச்சு வெச்சுக்கோ" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஹனுஸ் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. யாக்குப் போனபிறகு வெகுநேரம் ஜன்னல் பக்கம் நின்றார். பிறகு என்னிடம், சங்கத்தைக் காப்பாத்திட்டா இவங்க என்னை அப்படிக் கூப்பிடறதை விட்டுடுவாங்க ரன்வா என்றார். அறுபத்து மூன்று வயசு மனிதர். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி சொன்னார். எனக்கு அடுப்பைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொள்ள வேண்டியதாயிற்று.

லீக் எங்களை வாட்டி எடுத்தது. முதல் ஆட்டம் பனியில் நடந்தது, ஐந்து கோல் வாங்கினோம். ஏப்ரலில் ஹாமர்நெஸ் போய் ஒன்றுக்கு ஒன்று. மே முழுக்க ஒரு வெற்றியும் இல்லை, வாஃபிள் மாவு மிஞ்சிப்போய் நாங்களே ராச்சாப்பாடாகத் தின்றோம். ஜூலையில் ஹாமர்நெஸ் இங்கே வந்தது. யாக்குப்பின் படகில் கார் ஏற்ற இடம் கிடையாது, அதனால் அவர்கள் எப்போதும் போல நடந்தே வந்து, குடையைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் நின்றார்கள். ரோய் ஒன்று போட்டான். ஹாரன் ஊரைத் தூக்கியது. அதற்குப் பிறகு ஹனுஸ் பந்து எடுத்த நிதானம் இருக்கிறதே, ஹாமர்நெஸ் பெண்கள் சுவரைப் பார்த்துக் கொடுத்த சாபத்தை நான் ஜன்னலை மூடிக்கொண்டு கேட்டேன். ஒன்றுக்குப் பூஜ்யம் ஜெயித்தோம். அந்தக் கும்பலில் அவருடைய தம்பி நிக்லாஸும் இருந்தான். ஆட்டம் முடிந்து படகுத் துறையில் அண்ணன் கையை நீட்ட, அவன் கண்டுகொள்ளாமல் படகில் ஏறிக்கொண்டான். பெற்ற ஊருக்கே துரோகம் பண்ணினவன் என்று அங்கே பேச்சு. இங்கே அக்கரைக்காரன், அங்கே துரோகி. நடுக்கடலில்தான் இந்த மனிதருக்கு வீடு என்று நானே ஒரு தடவை கோபத்தில் சொல்லிவிட்டேன், சொன்ன பிறகு வருத்தப்பட்டேன்.

செப்டம்பரில் கடலுக்கு அடியில் சுரங்கப்பாதை திறந்தார்கள். ஹாமர்நெஸ் போக இனி காரில் ஆறே நிமிஷம். யாக்குப்பின் படகை நிறுத்திவிட்டார்கள், அவரும் ஓய்வு பெற்றார், முகத்தில் சிரிப்பும் ஓய்வு பெற்றது. திறப்பு விழாவுக்கு எல்லோரும் போனோம், கேக் தின்றோம், பாராட்டினோம். அந்தச் சுரங்கம் எங்கள் மைதானத்தில் என்ன செய்யப்போகிறது என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, நான் பெரிய புத்திசாலி என்று பேர் எடுத்தவள்.

கடைசி ஆட்டம் அக்டோபரில், எங்கள் மைதானத்தில், ஹாமர்நெஸ்ஸோடு. வேறு எப்படி வரும்? நாங்கள் அவர்களைவிட ஒரு புள்ளி மேலே. சமன் செய்தால் போதும், பேரும் சட்டையும் எங்களுடையது. காலையிலிருந்தே மலையிலிருந்து கடலைப் பார்த்துக் காற்று, வாஃபிள் குடிசையின் கூரைத் தகடு எகிறிக்கொண்டே இருந்தது. ஹனுஸ் பன்னிரண்டு மணிக்கே ஃபிளாஸ்கும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் ஹாமர்நெஸ்காரர்கள் வந்தார்கள், சுரங்கம் வழியாக, பதினாலு கார். பள்ளிக்கூடத்துப் பக்கம் வரிசையாக நிறுத்தினார்கள். அப்போது ஹனுஸ் சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீரில் இருந்தார்.

முதல் பாதி ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் பாதியில் காற்று இன்னும் ஏறியது. உதைத்த பந்தெல்லாம் சுவரைத் தாண்டியது. ஆறு பந்தோடு ஆரம்பித்தோம், ஒன்று வேலி முள்ளில் பட்டுக் காற்றுப் போனது. மிச்சத்தை ஹனுஸ் எடுத்து எடுத்து எறிந்துகொண்டே இருந்தார். எழுபத்தைந்தாவது நிமிஷத்தில் மூன்று பந்து ஒரே நேரத்தில் கடலில், காற்று அவற்றைக் குடாவின் நடுவுக்கு இழுத்துக்கொண்டு போனது. அவர் பின்னாலேயே போனார்.

எழுபத்தெட்டாவது நிமிஷம் ஹாமர்நெஸ் கோல் போட்டது. பதினாலு காரும் ஹாரன் அடித்தன. இந்த மைதானத்தில் எதிரிக்கு ஹாரன் அடித்து நான் கேட்டதே இல்லை. கையில் இருந்த மாவுக் கரண்டி அப்படியே நின்றது.

எங்கள் பையன்கள் வெறியோடு எழுந்தார்கள். இரண்டு நிமிஷத்தில் இரண்டு தடவை கோல் அருகில் போனார்கள். முதல் பந்து சுவரைத் தாண்டியது. பதிலுக்கு எறிந்த கடைசிப் பந்தை ரோய் கம்பத்துக்கு மேலே அடித்தான், அதுவும் போயிற்று. மைதானத்தில் பந்தே இல்லை. பயிற்சிப் பந்துகள் பள்ளிக்கூடத்து அறையில் பூட்டிக் கிடந்தன, சாவிக்காரப் பையன் ஆட்டம் பார்க்கும் ஆவலில் சாவியை வீட்டிலேயே விட்டிருந்தான். நடுவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். ஊரே சுவரைப் பார்த்தது.

நான் குடிசையைப் போட்டது போட்டபடி ஓடினேன். சுவர்மேல் ஏற்கனவே பத்துப் பேர். குடாவின் நடுவில் படகு தெரிந்தது. நாலு இழுப்பு, ஒரு ஓய்வு. நாலு இழுப்பு, ஒரு ஓய்வு. நாங்கள் கையை ஆட்டினோம், கத்தினோம். மேட்டிலிருந்த எங்கள் கார்க்காரர்கள் அவரை விரட்டுவதற்காக விடாமல் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள், முப்பது கார், நிற்கவே இல்லை. அவர் திரும்பிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி எங்களைப் பார்த்து ஆட்டினார். பிறகு துடுப்பை உள்ளே இழுத்து வைத்துவிட்டு, ஃபிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றிக் குடித்தார்.

என் பக்கத்தில் நின்ற யாக்குப் கத்துவதை நிறுத்தினார். மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி, "என்ன இருந்தாலும் அவன் அக்கரைக்காரன்தானே" என்றார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நொடியில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரே ஒரு நொடி. தம்பி பேசாமல் போன வேதனை இந்த மனிதரை மாற்றிவிட்டதோ என்று.

ஒன்பது நிமிஷம் ஆனது பந்து வந்து சேர. கூடுதலாக நடுவர் கொடுத்தது நாலு. அந்த நடுவரை எங்கே பார்த்தாலும் மிச்ச ஐந்து நிமிஷம் எங்கே என்று கேட்கத்தான் போகிறேன். ஆனால் அதற்குள் எங்கள் பையன்களுக்கு உடம்பும் சூடும் ஆறிவிட்டது, ஹாமர்நெஸ்காரர்கள் பதினொரு பேரும் தங்கள் கோல் முன்னால் அணை கட்டியதுபோல நின்றுகொண்டார்கள். விசில் ஊதியது. பதினாலு கார் ஹாரன் அடித்தபடியே சுரங்கத்துக்குள் போயின.

ஹனுஸ் படகைக் கட்டிவிட்டுச் சிரித்த முகமாக வந்தார். எங்கள் முகங்களைப் பார்த்து நின்றார். யாக்குப் அவரிடம், "உன் ஊரு ஜெயிச்சிடுச்சு. போய்க் கொண்டாடு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். என் கணவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அந்த ஒரு நொடி எனக்குள் குற்றமாக உட்கார்ந்துகொண்டு வாயைக் கட்டிவிட்டது.

மூன்று நாள் அவர் தோட்டத்தில் உருளைக்கிழங்கு தோண்டினார். தோண்ட வேண்டியதைவிட அதிகமாகவே தோண்டினார். கடையில் என்னிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாம் நாள் மத்தியானம் தொலைபேசி அடித்தது. நிக்லாஸ். ஜூலைக்குப் பிறகு முதல் தடவை. அடுக்களையில் நான் மீன் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தேன், அவன் குரல் எனக்கே கேட்கும் அளவுக்கு உற்சாகமாகப் பேசினான். அண்ணே, நீ நம்ம ரத்தம்னு காட்டிட்டே, ஊரே உன்னைப் பத்தித்தான் பேசுது, ஞாயித்துக்கிழமை சாப்பிட வா என்றான். இந்த மனிதர் ஒப்புக்கொண்டிருந்தால் பிறந்த ஊரே திரும்பக் கிடைத்திருக்கும். சும்மா 'சரி' என்றிருந்தால் போதும்.

"இல்லடா," என்றார். "நீங்க போட்ட கோல்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா பறந்திருப்பேன்."

அந்தப் பக்கம் தொலைபேசியை வைத்துவிட்டான்.

நான் கத்தியைக் கீழே வைத்தேன். தெரியாதா, என்ன தெரியாது என்று கேட்டேன். அவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார். ஹாரன் கேட்டது. நம்ம கோல் என்று நினைத்தார். ஒன்றுக்குப் பூஜ்யம் முன்னால் இருக்கிறோம், நேரத்தை இழுப்போம் என்று இழுத்தார். பிறகு நிற்காமல் ஹாரன் கேட்டது, இரண்டாவதும் விழுந்துவிட்டது என்று நினைத்தார். அந்தச் சந்தோஷத்தில்தான் காபி.

"ஏய்யா," என்றேன், "அது அவங்க காரா இருக்கும்னு உனக்குத் தோணவே இல்லையா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் ஏதோ புரியாத பாஷையில் பேசியது மாதிரி பார்த்தார். "ஹாரன் அடிச்சா நம்ம கோல்தானே ரன்வா" என்றார்.

நான் மீன் கையோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இதை ஏன் மூன்று நாளாகச் சொல்லவில்லை என்று திட்டினேன், நன்றாகவே திட்டினேன். சொன்னால் தப்பிக்கப் பேசுகிறான் என்பார்கள், அதுவும் போக, ஊர் சங்கமே போனது என் முட்டாள்தனத்தால்தானே, அதில் மாற்றமில்லையே என்றார். யாரிடமும் சொல்லாதே என்றும் கேட்டுக்கொண்டார். சரி என்றேன். சனிக்கிழமை வரை அந்த வாக்கைக் காப்பாற்றினேன், என் சுபாவத்துக்கு அது பெரிய விஷயம்.

சனிக்கிழமை மத்தியானம் லீக் முடிவு விருந்து. வருஷா வருஷம் நடப்பது, சங்கக் கூடத்தில், காற்றில் உலர்த்திய ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும். இது எங்கள் பேரில் கடைசி விருந்து. ஹனுஸ் வரமாட்டேன் என்றார், நான் சட்டையைத் தேய்த்துக் கையில் கொடுத்தேன். போய் உட்கார்ந்தோம். நீண்ட மேசை. அவருடைய மறுபக்கத்து நாற்காலி மட்டும் கடைசிவரை காலியாகவே இருந்தது. எல்லோர் தட்டுக்கும் கறி போனது, அந்த நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போனது.

யாக்குப் எழுந்து பேசினார். பையன்களுக்கு நன்றி சொன்னார், சட்டையைப் பற்றிச் சொன்னார், குரல் கம்மியது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "முப்பத்தெட்டு வருஷம் ஒரே மேசையில சாப்பிட்டாலும் சில பேர் மனசு எங்க இருக்குன்னு கடைசி நாள்தான் தெரியும்" என்று முடித்தார். யாரும் எங்கள் பக்கம் பார்க்கவில்லை. அதாவது எல்லோரும் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். ஹனுஸின் காது மடல் சிவந்தது.

நான் எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்தார், உதறினேன்.

"யாக்குப்," என்றேன், "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. இந்த மைதானத்துல ஹாரன் அடிச்சா என்ன அர்த்தம்?"

"நாம கோல் போட்டோம்னு அர்த்தம். இதென்ன கேள்வி."

"அவருக்கும் அது மட்டும்தான் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் அவருக்கு என்னய்யா தெரியும்? இருபத்தொன்பது வருஷமா அந்தச் சத்தத்தை நம்பித்தான் அவர் துடுப்புப் போட்டாரு. அக்கரைக்காரங்க கார்ல வந்து நம்ம ஹாரனை அடிச்சாங்க. இவரு நாம முன்னால இருக்கோம்னு நினைச்சாரு. நீங்க முப்பது பேரும் விரட்டுறோம்னு அடிச்சீங்க. இவரு ரெண்டாவது கோல்னு நினைச்சு நம்ம சந்தோஷத்துக்குக் காபி குடிச்சாரு."

நான் நிறுத்தவில்லை, எனக்கு நிறுத்தத் தெரியாது.

"அங்க பொறந்தவரு. அந்தப் பதினாலு கார்ல அவரு சொந்தத் தம்பி காரும் இருந்துச்சு. ஆனா அது அவங்க கோலா இருக்குமோன்னு அவருக்கு ஒரு நொடி தோணல. எனக்குத் தோணிச்சு, இந்த மனுஷன் வேணும்னே பண்றாரோன்னு. இந்த ஊர்ல பொறந்து, இவர் கூடவே படுத்து எழுந்த எனக்குத் தோணிச்சு. இப்ப சொல்லு, இங்க யாரு அக்கரை?"

சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். யாக்குப் உருளைக்கிழங்கு ஆறுகிறது என்று சொல்லி உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். எல்லோரும் சாப்பிட்டார்கள். வேறு ஒன்றும் நடக்கவில்லை. இவ்வளவு பேசியும் இந்த ஊருக்கு உறைக்கவில்லையே என்று எனக்குக் கறி இறங்கவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது தேவாலயத்தருகே ஹனுஸ் நின்றார். பிறகு, "நீயுமா நினைச்சே?" என்று கேட்டார்.

"ஒரு நொடிதான்" என்றேன்.

இன்னும் பத்து அடி நடந்தார். "ஒரு நொடின்னா பரவால்ல" என்றார்.

மறுநாள் காலை படகைக் கரையேற்றும் நாள். லீக் முடிந்த மறு ஞாயிறு எப்போதும் அதுதான் வேலை. எட்டு ஆள் வந்து தோள் கொடுப்பார்கள், நான் எல்லோருக்கும் காபி போடுவேன். இந்தத் தடவை யாரையும் கூப்பிடவில்லை, யாரும் வருகிறேன் என்று சொல்லவுமில்லை. அடுத்த வருஷம் ஆட்டமெல்லாம் ஹாமர்நெஸ் மைதானத்தில், அது கடலிலிருந்து தள்ளி, படகுக்கு வேலையே இல்லை. ஆனாலும் குளிர்காலத்துக்குப் படகை வெளியில் விட முடியுமா? இந்த மனிதர் தனியாக உருளைக் கட்டைகளைத் துறைச் சரிவில் அடுக்கினார். கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தார். படகு ஒரு சாண் நகர்ந்தது. நான் போய்ப் பின்னாலிருந்து தள்ளினேன். இன்னொரு சாண். எனக்கு முதுகு வலி, அவருக்கு முழங்கால் வலி, படகுக்கு எந்த வலியும் இல்லை, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

சாலையில் ஒரு கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஹனுஸ் குனிந்து கட்டையைச் சரி செய்துகொண்டிருந்தார், நிமிரவில்லை. நான் பார்த்தேன். யாக்குப்பின் துருப்பிடித்த சிவப்புக் கார். அவர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் என்ன சொல்ல வந்திருக்கிறான் இந்தக் கிழவன் என்று நான் சண்டைக்குத் தயாரானேன்.

யாக்குப் ஹாரனை அடித்தார். ஒரே தடவை, நீளமாக. அந்தக் காரின் கம்மிய ஹாரன் ஊர் முழுக்கத் தெரிந்த சத்தம்.

ஹனுஸின் கை கட்டைமேல் அப்படியே நின்றது. திரும்பாமலே, குனிந்தபடியே, "யாரு போட்டது?" என்று கேட்டார்.

யாக்குப் கண்ணாடியை இறக்கினார். "நம்ம ஊருதான்," என்றார். "வேற யாரு?"

அதற்குள் மேல் வீடுகளில் கதவு திறக்கும் சத்தம். ஹாரன் கேட்டால் எட்டிப் பார்க்காமல் இருக்க இந்த ஊர்க்காரர்களால் முடியாது. ரோய் காலில் பாதி பூட்ஸோடு சரிவில் இறங்கி வந்தான், அவன் பின்னால் கோல்கீப்பர், அவன் பின்னால் இன்னும் நாலைந்து பேர். ஆளுக்கொரு பக்கம் படகில் தோளைக் கொடுத்தார்கள். யாக்குப் முன்னால் போய் என் கணவர் பிடித்திருந்த அதே கயிற்றைப் பிடித்தார். ஒன்று, இரண்டு என்று எண்ணினார், படகு மேலே ஏறியது.

நான் அழுதேன். ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? முகத்தை மேலங்கியில் துடைத்துக்கொண்டு காபி போட வீட்டுக்குப் போனேன், எட்டுப் பேருக்கு ஊற்றியும் ஒரு கோப்பை குறைந்தது, என் கோப்பையை யாக்குப்புக்குக் கொடுத்துவிட்டேன்.